கெம்ப்டன் பார்க் முதல் ஸ்வார்ட்கோப் வரை: ஒரு கோம்பிச் சுற்றுலாவும் ஒரே ஒரு வாடிக்கையாளரும்

தலைக்கு 650 ராண்ட், மதியச் சாப்பாடும் சேர்த்து. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துக் கெம்ப்டன் பார்க்கில் கோம்பியில், அதாவது சிறு வேனில், ஏறினால் மாலை நான்கு மணி வாக்கில் அதே இடத்தில் இறக்கிவிடுவார்கள். "தென்னாப்பிரிக்கா விமானம் கட்டிய கதை" என்று விளம்பரம். நடத்துபவர் ஓய்வுபெற்ற விமானத் தொழில்நுட்பர், ஆஃப்ரிக்கானர், எழுபதைத் தாண்டியவர். நாங்கள் எல்லாரும் 'ஊம்' என்றே கூப்பிட்டோம்; ஆஃப்ரிக்கான்ஸில் மாமா என்று அர்த்தம். அவர் பெயரையும் எண்ணையும் இங்கே போடவில்லை. ஒற்றை ஆள், ஒற்றை வண்டி. குறைகளையும் எழுதப் போகிறேன், அதனால் அவர் பிழைப்பு கெட வேண்டாம். வேண்டுமென்பவர்கள் கேட்டால் தனியாகத் தருகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசுக்குத் தகுந்த சுற்றுலாதான். ஆனால் ஊம் சொல்லும் கதை பாதிதான். மீதிப் பாதி, அதாவது இந்த விமானங்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பது, நாமே கேட்டு வாங்க வேண்டியது. எனக்கு அந்தப் பாதியில்தான் ஆர்வம்.

நான் பெனோனி ஆக்டன்வில்காரன், இந்தியர் குடியிருப்பு. முப்பது வருடத்துக்கு மேலாகக் கடைசல், மில்லிங், டூல் ரூம் வேலை. விமானத்துக்கு ஒரு திருகாணிகூடச் செய்து கொடுத்ததில்லை. ஆனால் ஒரு உலோகத் துண்டைப் பார்த்தால் அதை எத்தனை செட்டப்பில் செய்திருப்பார்கள், என்ன விலை போட்டிருப்பார்கள் என்று மனம் தானாகக் கணக்குப் போடும். கூட வந்தவன் என் மனைவியின் தம்பி, டர்பன் மெர்பேங்கிலிருந்து வந்திருந்தான். அவனுக்கு விமானம் என்றால் சத்தம் போடும் செலவு, அவ்வளவுதான். அவனுடைய பத்து வயது மகனுக்காகத்தான் இடம் பிடித்தோம்.

முதலில் போனி ஏரோ பார்க். ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தை ஒட்டிய குடியிருப்பு. அட்லஸ் விமானத் தொழிற்சாலையின் ஆட்களுக்காக எழுந்த இடம் இது என்று ஊம் தெருத்தெருவாக வண்டியை விட்டுக் காட்டினார். சின்னச் சின்ன வீடுகள், நாய்கள், பக்கி என்னும் சின்னச் சரக்கு வண்டிகள். தொழிற்சாலை வேலிக்கு வெளியே வண்டியை மெதுவாக்கி, "படம் எடுக்காதீர்கள்" என்றார். உள்ளே அனுமதி இல்லை. வேலியையும் கூரைகளையும் பார்த்ததோடு சரி. பையன் ஏமாந்துவிட்டான். எனக்கு அப்படியில்லை. நான் தொழில் பழகிய 80களில், பெனோனி, போக்ஸ்பர்க், ஸ்பிரிங்ஸ் பக்கத்து டூல் ரூம்களில் அட்லஸ் என்ற பெயர் காதில் விழாத வாரமில்லை. நல்ல கைகாரன் வேலையை விட்டால் "அட்லஸுக்குப் போய்விட்டான்" என்பார்கள். எங்கள் தெருவிலிருந்து யாரும் போனதில்லை. அது வெள்ளையர் வீட்டுச் சோறு.

அந்தத் தொழிற்சாலை ஏன் வந்தது என்பதை ஊம் நன்றாகச் சொன்னார். 1963ல் ஐ.நா. பாதுகாப்பு அவை, தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்காதீர்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது. கட்டாயமில்லை, வேண்டுகோள்தான். பிரிட்டன் அதற்கு முன்பே 16 பக்கனீர் குண்டுவீச்சு விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தது. அவற்றை மட்டும் கொடுத்துவிட்டு, கூடுதலாகக் கேட்டவற்றை மறுத்துவிட்டது. இனி நாமே செய்யாவிட்டால் கதியில்லை என்று 60களின் நடுவில் அட்லஸைத் தொடங்கினார்கள். இத்தாலிய ஏர்மாக்கியின் உரிமம் வாங்கி இம்பாலா என்ற பயிற்சி ஜெட்டைக் கட்டினார்கள். 1968ல் ஆர்ம்ஸ்கோர் என்ற அரசு ஆயுத நிறுவனம் பிறந்தது, அட்லஸும் விரைவில் அதன் கைக்குள் போனது. 1977ல் ஆயுதத் தடை கட்டாயமானது.

இதை ஊம் ஒரு வீரக் கதையாகச் சொல்கிறார். "உலகமே கதவை அடைத்தது, நாங்கள் ஜன்னல் செய்தோம்" என்கிறார். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் உலகம் ஏன் கதவை அடைத்தது என்று கோம்பியில் இருந்த ஓர் இளம்பெண் கேட்டாள். ஊம் கண்ணாடியில் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "அது வேறு சுற்றுலா" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அது வேறு சுற்றுலா இல்லை. 1978ல் விற்பனை வரி வந்தது, நான்கு விழுக்காடு. ஆக்டன்வில் கடையில் என் அம்மா வாங்கிய மஞ்சள்தூளிலிருந்தும் அந்தத் தொழிற்சாலைக்குப் பணம் போயிருக்கிறது. அம்மா முதல் முறையாக நாட்டுக்கு வாக்களித்தது 1994ல். அந்த ஜன்னலுக்கு நாங்களும் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். வெளியே பார்க்க விட்டதில்லை, அவ்வளவுதான்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ.சி. உண்டு, பின்வரிசைக்கு எட்டாது. மைக் வேலை செய்யவில்லை. நெடுஞ்சாலையில் ஊம் பேசியதில் பாதி டயர் சத்தத்தில் போனது. முன்னால் இரண்டு வரிசைக்குள் உட்காருங்கள். அறுபதைத் தாண்டியவர்கள் ஏறி இறங்க ஒரு சின்ன முக்காலியாவது போடலாம் என்று சொன்னேன், குறித்துக்கொண்டார்.

ஸ்வார்ட்கோப் விமானத்தளம் பிரிட்டோரியாவுக்குத் தெற்கே, இந்தியர் பகுதியான லோடியத்திலிருந்து கூப்பிடு தூரம். லோடியத்தில் சொந்தக்காரர் இல்லாத தமிழ்க் குடும்பம் எங்கள் கவுட்டெங் மாநிலத்தில் குறைவு. அந்த வழியாக எத்தனையோ கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் போயிருந்தாலும், பக்கத்தில் இப்படி ஒரு அருங்காட்சியகம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தென்னாப்பிரிக்க விமானப்படை 1920ல் தொடங்கியது. உலகில் இன்னும் இயங்கும் மிகப் பழைய படைத்தளங்களில் ஸ்வார்ட்கோப் ஒன்று. படைத்தளமாதலால் வாசலில் அடையாள அட்டை பார்ப்பார்கள், மறக்காதீர்கள். நாங்கள் போனபோது நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை. நன்கொடைப் பெட்டி இருந்தது. பழைய விமானங்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சிலவற்றைப் பறக்கவும் வைத்திருப்பவர்களில் பலர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். வந்ததும் பெட்டியில் போடுங்கள். போகும்போது போடலாம் என்றிருந்தால் மறந்துபோகும்.

உள்ளே ஊம் ஆள் மாறிவிட்டார். கோம்பியில் தடுமாறியவர், கொட்டகைக்குள் கால் வைத்ததும் இருபது வயது குறைந்தவர்போல் நடந்தார். எந்தப் பலகையைத் திறந்தால் எந்தக் குழாய் தெரியும், எந்த ஆணியை எடுக்கக் கை நுழையாது, எந்த இடத்தில் மண்டை இடிக்கும் என்று அவர் சொல்லும்போது கூட்டம் வாய் திறக்கவில்லை. 650 ராண்ட் இதற்குத்தான்.

இம்பாலாவிடம் முதலில் நின்றோம். பார்க்க எளிமையான விமானம். ஆனால் இந்தத் தொழிற்சாலையின் வாழ்க்கையில் நல்ல காலம் என்றால் இதுதான்: இரண்டு வகையும் சேர்த்து சுமார் 250 கட்டினார்கள். 250 என்ற எண்ணிக்கை ஒரு தொழிற்சாலைக்கு என்ன செய்யும் என்று என்னைப் போன்ற ஆளைக் கேட்க வேண்டும். முதல் பத்தில் ஆட்கள் கற்கிறார்கள். ஐம்பதாவதில் பாகத்தைப் பிடித்து வைக்கும் ஜிக் பொருந்துகிறது, கழிவு குறைகிறது. நூறாவதில் பழகுநராக வந்த பையன் மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறான். இம்பாலா 2005 வரை பறந்தது.

அடுத்தது சீட்டா. பிரெஞ்சு மிராஜ் 3ஐ எடுத்து, மூக்கு நீட்டி, முன்னால் சின்னச் சிறகு வைத்து, உள்ளே மின்னணுக் கருவிகளையெல்லாம் மாற்றி, 1986ல் வெளியே காட்டிய போர்விமானம். இஸ்ரேலின் கை அதில் இருப்பது வடிவத்தைப் பார்த்தாலே தெரியும். ஒற்றை இருக்கை சீட்டா சி வகையில் 38 கட்டினார்கள். புதிதாகவே ஒரு போர்விமானம் செய்ய கார்வர் என்று ஒரு திட்டமும் இருந்தது, 1991ல் கைவிட்டார்கள். சீட்டாவின் பக்கவாட்டில் ரிவெட் வரிசைகளை விரலால் தடவிப் பார்த்தேன். தொடக்கூடாது என்று பிறகுதான் பலகையைக் கவனித்தேன். வரிசை நேர், தலை மட்டம். கைவேலை தெரிந்தவர்கள் செய்தது. சீட்டாக்களை 2008ல் ஓய்வு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஈக்வடார் 12ஐ வாங்கிப் பறக்கவிட்டது. அதாவது பொருளில் இன்னும் உயிர் இருந்தது. வீட்டுக்காரர்தான் வேண்டாம் என்றார்.

ரூய்ஃபால்க். எல்லாரும் இதற்காகத்தான் வருகிறார்கள். சிவப்பு வல்லூறு என்று ஆஃப்ரிக்கான்ஸில் பெயர், தாக்குதல் ஹெலிகாப்டர். இங்கே அதன் தொடக்கம் முழுவதையும் பார்க்கலாம். அலுவெட் 3 என்ற சின்ன ஹெலிகாப்டரின் உறுப்புகளை வைத்துச் செய்த ஆல்ஃபா 1985 பிப்ரவரியில் பறந்தது; ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள். பூமா என்ற பெரிய ஹெலிகாப்டரின் சுழலிகளும் கியர்களும் வைத்து, உண்மையான அளவில் செய்த முதல் ரூய்ஃபால்க் 1990 பிப்ரவரியில் பறந்தது. இரண்டு ஆட்கள் முன்னும் பின்னும், பின்னவர் உயரத்தில். மூக்குக்குக் கீழே 20 மில்லிமீட்டர் துப்பாக்கி. மெலிந்து, கோபமாக இருக்கிறது. பையன் இங்கேதான் முதல் தடவையாகக் கைபேசியைப் பைக்குள் வைத்தான்.

1990 பிப்ரவரி என்ற தேதியை மட்டும் யோசித்துப் பாருங்கள். அது பறந்த அதே பிப்ரவரி 11ஆம் தேதிதான் மண்டேலா சிறையிலிருந்து வெளியே நடந்தார். எந்தப் போருக்காக அதை வரைந்தார்களோ, அங்கோலா எல்லைப் போர், அது 1988 டிசம்பர் உடன்படிக்கையோடு முடிந்துவிட்டது. நமீபியா அடுத்த மாதம் விடுதலை அடையப் போகிறது. வேலை முடிந்து கருவி கைக்கு வந்தது. 80களின் இறுதியில் நாட்டின் மொத்த உற்பத்தியில் நான்கு விழுக்காட்டுக்கும் மேல் பாதுகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அது சரசரவென இறங்கியது. இன்று ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. பள்ளிக்கூடமும் குடிநீரும் கேட்டு நாற்பது வருடம் காத்திருந்த மக்கள் ஆட்சிக்கு வந்த பிறகு அது இறங்கியது நியாயம்தான். நானும் அந்த மக்களில் ஒருவன். ஆனால் கெம்ப்டன் பார்க்கில் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு விமானம் வரைந்துகொண்டிருந்தவனுக்கு அந்த நியாயம் சம்பளம் தராது.

1992ல் ஆர்ம்ஸ்கோரின் தொழிற்சாலைகளையெல்லாம் பிரித்து டெனல் என்ற அரசு நிறுவனமாக்கினார்கள், அட்லஸும் அதற்குள் போனது. ஆர்ம்ஸ்கோர் வாங்கும் துறையாக நின்றது. இனி நீங்கள் வியாபாரம் செய்து பிழைக்க வேண்டும் என்றார்கள். விற்பவனும் அரசு, வாங்குபவனும் அரசு, நடுவில் ஒரு ரசீதுப் புத்தகம்.

1996ல் விமானப்படை ரூய்ஃபால்க்குக்கு ஆர்டர் கொடுத்தது: 12.

இந்த இடத்தில் என் பட்டறையைப் பற்றிச் சொன்னால் புரியும். ஒரு புது உறுப்புக்கு விலை கேட்டால், வரைபடம் படிக்க, துண்டைப் பிடிக்கும் ஃபிக்ஸ்ச்சர் செய்ய, எந்திரத்தைச் செட் பண்ண, முதல் துண்டைக் கெடுத்துத் திருத்த என்று ஒரு பெரிய தொகை, வெட்டு தொடங்குவதற்கு முன்பே ஆகிவிடும். 12 துண்டு கேட்டால் அந்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுப்பேன். ஆயிரம் கேட்டால் ஆயிரத்தால். கேட்பவர் விலையைப் பார்த்துக் கத்துவார், நான் என்ன செய்ய? அதோடு எனக்கு ஒரு காலத்தில் சுரங்கப் பம்பு செய்யும் ஒரு பெரிய வாடிக்கையாளர் இருந்தார், பெயர் வேண்டாம். வேலையில் முக்கால்வாசி அவருடையது. அவருக்காகவே இரண்டு எந்திரம் வாங்கினேன், நான்கு பேரைப் பழக்கினேன். ஒரு நாள் தங்கம் விலை இறங்கியது, ஆர்டர் நின்றது. எந்திரங்கள் துரு பிடிக்கவில்லை, ஆட்கள்தான் போய்விட்டார்கள். எந்திரத்தை மறுபடி வாங்கலாம்.

சரி, 12க்கு மேல் வெளிநாட்டில் விற்கலாமே என்று என் மச்சினன் கேட்டான். ஊம் பெருமூச்சு விட்டார். பிரிட்டனிடம் போனார்கள், 1995ல் பிரிட்டன் அமெரிக்க அப்பாச்சியை எடுத்துக்கொண்டது. மலேசியா விரும்பியது, 1997ல் ஆசியப் பணநெருக்கடி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. துருக்கியோடு வருடக்கணக்கில் பேசினார்கள். 2007ல் அது இத்தாலியின் ஏ129 ஹெலிகாப்டர் பக்கம் போனது. அந்த மே மாதமே டெனல், இனி ரூய்ஃபால்க்கில் நாங்கள் பணம் போட மாட்டோம் என்று அறிவித்தது. அதே வருடக் கடைசியில் அரசு, 962 மில்லியன் ராண்டை மூன்று வருடத்தில் தருவதாகச் சொல்லி மிஞ்சியவற்றை முடித்துக்கொடுக்கச் சொன்னது. 2011 ஏப்ரலில்தான் போருக்குத் தயார் நிலையில் விமானப்படையிடம் முறையாக ஒப்படைத்தார்கள். அதற்குள் ஒன்று 2005ல் விபத்தில் போய்விட்டது, கையில் 11.

ஆயுதம் வாங்க வரும் வெளிநாட்டுக்காரன் முதலில் கேட்பது இரண்டு கேள்விதான். உன் நாட்டுப் படை எத்தனை வைத்திருக்கிறது? இருபது வருடம் கழித்து உதிரிபாகம் யார் தருவார்? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் இல்லாதவன், தொழில்நுட்பத்தில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். சொந்த அரசு 12 வாங்கியது என்றால், வெளியே இருப்பவனுக்கு அது ஒரு செய்தி. இந்தியாவில் எச்.ஏ.எல். நிறுவனத்துக்கு 2021ல் ஒரே கையெழுத்தில் 83 தேஜஸ் போர்விமானத்துக்கு ஆர்டர் கிடைத்தது. தாமதம், இஞ்சினுக்கு அமெரிக்காவை எதிர்பார்ப்பது என்று அங்கேயும் புலம்பல் உண்டு. ஆனாலும் 83ஐ வைத்துக்கொண்டு புலம்புவதும் 12ஐ வைத்துக்கொண்டு புலம்புவதும் ஒன்றல்ல.

இந்தியா என்றதும் ஒரு கிளைக்கதை. 2005ல் இந்திய அரசு, துப்பாக்கி வியாபாரத்தில் தரகுப் பணம் கைமாறியதாகச் சொல்லி டெனலைக் கறுப்புப் பட்டியலில் வைத்தது. வழக்கு நிரூபணமாகாமல் மூடப்பட்டது. தடை 2018ல்தான் நீங்கியது. அந்தப் பெரிய துப்பாக்கி நின்றுபோனதால், அதே வேலைக்கு வித்வன்சக் என்ற துப்பாக்கியைத் தயாரித்தது எது தெரியுமா? திருச்சிப் படைக்கலத் தொழிற்சாலை. எங்கள் பாட்டனார் கப்பல் ஏறி வந்த தமிழ்நாட்டில், எங்கள் பக்கத்து ஊர் நிறுவனத்தின் ஆர்டர் போய் முடிந்திருக்கிறது. இதை ஊமிடம் சொன்னேன். அவருக்குத் திருச்சி எங்கே என்று தெரியவில்லை, ஆனால் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்.

ரூய்ஃபால்க் கெட்ட பொருளா? இல்லை. 2013ல் காங்கோவில் ஐ.நா. படையோடு மூன்று ரூய்ஃபால்க் போனது. நவம்பரில் எம்23 கிளர்ச்சிக்காரர்களை மலைகளிலிருந்து இறக்கியதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. ஆல்ஃபா பறந்து 28 வருடம் கழித்து முதல் சண்டை. அதில் பேர் வாங்கியது. பேர் வாங்கிய பிறகும் யாரும் வாங்கவில்லை, ஏனென்றால் அதற்குள் அதைக் கட்டும் வரிசையே கலைந்துவிட்டது.

ஊம் இந்த ஹெலிகாப்டர் முன்னால் நாற்பது நிமிடம் நின்றார். என்னைக் கேட்டால் பத்து நிமிடம் குறைத்து ஓரிக்ஸ் என்ற போக்குவரத்து ஹெலிகாப்டருக்குக் கொடுக்கலாம். அட்லஸ் கட்டியதில் இந்த நாட்டுக்கு மிக அதிகம் உழைத்தது அதுதான் என்பது என் தீர்ப்பு. பூமாவை எடுத்து, வலுவான மக்கிலா இஞ்சின் வைத்து, இந்த ஊர் வெப்பத்துக்கும் உயரத்துக்கும் தகுந்தபடி மாற்றியது. 51 கட்டினார்கள். 2000ஆம் ஆண்டு மொசாம்பிக் வெள்ளத்தில் தென்னாப்பிரிக்க ஹெலிகாப்டர்கள் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கூரைகளிலிருந்தும் மரங்களிலிருந்தும் தூக்கின. மரத்திலேயே பிள்ளை பெற்ற தாயையும் குழந்தையையும் உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. 2022 ஏப்ரலில் டர்பன் பக்கம் வெள்ளம் வந்தபோதும் ஓரிக்ஸ்தான் வந்தது. இதைச் சொன்னதும் மச்சினன், "அத்தான், அந்தச் சத்தம் எங்கள் வீட்டு மேலேயே கேட்டது" என்றான். காலையிலிருந்து ராணுவச் செலவைத் திட்டிக்கொண்டே வந்தவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "அப்படியானால் ஓரிக்ஸை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விற்றுவிடலாமே" என்றான். அவன் ஒரு பள்ளியில் கணக்கு எழுதுகிறவன், விடமாட்டான்.

ஆனால் அவன் கேட்டதில் விஷயம் இருக்கிறது. அரசு வாங்கவேயில்லை என்று சொல்ல முடியாது. 1999ல் சுமார் 30 பில்லியன் ராண்டுக்கு ஆயுத ஒப்பந்தம் போட்டார்கள். ஸ்வீடனின் கிரிப்பன் போர்விமானம், பிரிட்டனின் ஹாக் பயிற்சி விமானம், ஜெர்மனியின் கப்பல்கள். ஊழல் வழக்குகள் இன்றுவரை இழுத்துக்கொண்டிருப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. பணம் வெளியே போனது, டெனலுக்கு ஹாக்கைப் பொருத்தும் வேலையும் சில பாகங்கள் செய்யும் வேலையும் கிடைத்தன. முழு விமானம் வரைந்து கட்டியவனுக்குக் கதவும் பலகையும் செய்யும் கூலி வேலை. அதையும் நன்றாகவே செய்தார்கள். பிறகு ஏர்பஸ் ஏ400எம் சரக்கு விமானம்: எட்டு வாங்குவதாகச் சொல்லி அதன் பாகங்களைச் செய்யும் உரிமை பெற்றார்கள். 2009 நவம்பரில் விலை ஏறிவிட்டது, தாமதமாகிவிட்டது என்று அரசு அந்த எட்டையும் ரத்து செய்தது. பாகம் செய்கிறவன் மேசையில் வரைபடம் இருந்தது, சொந்த நாட்டு ஆர்டர் இல்லை.

மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் விடக்கூடாது. மர நிழலில் பூரெவோர்ஸ் என்ற இறைச்சி சாசேஜ் வைத்த ரோல், குளிர்பானம், ஆப்பிள். மரக்கறிக்காரர்களுக்கு வெறும் சீஸ் ரொட்டி, அதுவும் ஆறிப்போனது. முன்பதிவில் மரக்கறி என்று எழுதித்தான் இருந்தோம், சனிக்கிழமை விரதம். லோடியத்தில் ஐந்து நிமிடத்தில் சுடச்சுட பீன்ஸ் கறியும் ரொட்டியும் கிடைக்கும், அங்கே சொல்லி வைக்கலாமே என்றேன். ஊம் நெற்றியைத் தட்டிக்கொண்டார். இதற்கு ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

சாப்பிடும்போது பேச்சு இன்றைய டெனலுக்கு வந்தது. 2020ல் ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்க முடியாமல் போய், தொழிற்சங்கங்கள் நீதிமன்றம் போனது செய்தித்தாளில் படித்ததுதான். 2022ல் அரசு 3.4 பில்லியன் ராண்ட் கொடுத்துத் தூக்கி நிறுத்தப் பார்த்தது. ஊம் முழுப் பழியையும் குறைந்துபோன பாதுகாப்பு நிதியின் மேல் போட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2016ல் டெனல் ஏஷியா என்று, அரசில் செல்வாக்குப் பெற்றிருந்த இந்தியத் தொழிலதிபர்களான குப்தா குடும்பத்துக்கு நெருக்கமான நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது யார்? நிதித்துறை வேண்டாம் என்று தடுத்தும் செய்தார்களே! அரசில் நடந்த ஊழலை விசாரித்த ஸோண்டோ ஆணைய அறிக்கை இதை விரிவாகவே எழுதியிருக்கிறது. குப்தா என்ற பெயர் வந்ததும் கூட்டத்தில் இரண்டு பேர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். வட இந்தியாவின் சஹாரன்பூரிலிருந்து வந்த குப்தாவுக்கும் மெர்பேங்க்காரனுக்கும் என்ன உறவோ, தெரியவில்லை. ஆனாலும் இதுவும் ஒற்றை வாடிக்கையாளர் கதையின் ஒரு பக்கம்தான். வாங்குவதும் அரசு, முதலாளியும் அரசு என்றால், அரசைப் பிடித்தவன் இரண்டு கல்லாவையும் பிடித்துவிடுகிறான்.

தனியார் செய்தால் சரியாகிவிடும் என்று அந்த இளம்பெண் சொன்னாள். அதற்கும் இந்த ஊரில் உதாரணம் இருக்கிறது. பாரமவுண்ட் குழுமம் அஹ்ர்லாக் என்ற சின்னக் கண்காணிப்பு விமானத்தைச் சொந்தப் பணத்தில் கட்டி 2014ல் பறக்கவிட்டது. 2019ல் அந்த விமான நிறுவனம் கடன் மீட்பு நடவடிக்கைக்குள் போனது. சொந்த நாட்டு விமானப்படை ஆர்டர் கொடுக்காத விமானத்தை உலகத்துக்கு விற்பது யாருக்கானாலும் மலையேறுவதுதான். விதிவிலக்கு, டெனலின் ஏவுகணைகள். உம்கோண்டோ ஏவுகணையை ஃபின்லாந்து தன் கப்பல்களுக்கு வாங்கியது. ஏவுகணையைப் பெட்டியோடு கொடுத்தால் பெரும்பாலும் முடிந்தது. விமானத்தை விற்றவன் முப்பது வருடம் அதோடு வாழ வேண்டும். ஊம் இந்த இடத்தில் என்னோடு ஒத்துப்போனார். தனக்குப் பழக்கமான நல்ல கைகாரர்கள் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டார்கள் என்றும், பேரன் துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறான் என்றும் சொன்னார்.

மாலையில் ஒரு ஹார்வர்ட் மேலே பறந்தது. பழைய பயிற்சி விமானம், வயிற்றில் அதிரும் சத்தம். அருங்காட்சியகம் பறக்கும் நாட்கள் வைப்பது உண்டு. அதைக் கேட்டு அந்தச் சனிக்கிழமையாகப் பார்த்துப் போனால் இரட்டிப்பு லாபம்.

திரும்பும்போது கோம்பி ஒரு மணி நேரம் தாமதம். நெரிசல் என்றார், கிளம்பியதே தாமதம் என்பதுதான் உண்மை. ஊம் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. இதற்கு நட்சத்திரம் குறைக்க மனம் வரவில்லை. மொத்தம் ஐந்துக்கு நான்கு.

போகிறவர்களுக்கு: தொப்பி, தண்ணீர், அடையாள அட்டை, நன்கொடைக்குச் சில்லறை. எட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம், பேச்சு அதிகம். ரூய்ஃபால்க்கிடம் ஊம் மூச்சு விடும் இடைவெளியில் ஓரிக்ஸைப் பற்றிக் கேளுங்கள், கேட்காவிட்டால் சொல்லமாட்டார். மரக்கறிக்காரர்கள் கையோடு சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். புதன்கிழமைக்குள் முன்பணம் கட்டிவிட வேண்டும். எட்டுப் பேர் சேராவிட்டால் வண்டி எடுக்கமாட்டார். டீசல் விலைக்குக் கட்டாது என்கிறார்.